காலி வீதித் திருத்தம்: எங்களிடம் எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும்?

கடற்கரை_ஒழுங்கை (வெள்ளவத்தை):

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் இந்த வாரம் இரண்டு பொடியன்கள் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து, காலி வீதியில் போகும் வாகனங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கையில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். எதற்கு என்று கேட்டேன். "தெரியாது அக்கா, எண்ணச் சொன்னார்கள்" என்றார்கள். அவர்களில் பிழை இல்லை, நாள் சம்பளத்துக்கு வந்தவர்கள்.

வாகனம் எண்ணத் தொடங்கினால் பின்னால் ஏதோ ஒரு திட்டம் வருகிறது என்றுதான் நினைக்கிறேன். வரட்டும். இந்த வீதிக்குத் திருத்தம் தேவை என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இருக்காது. என் கவலை வேறு. முன்பு வேறொரு வீதி வேலைக்காக ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள், போயிருந்தேன். வரைபடம் சுவரில் ஒட்டியாகிவிட்டது, எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், எறும்பு அளவில். விளக்கம் சிங்களத்தில். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கையில் தந்தார்கள். பஸ் தரிப்பிடம் எங்கே போகும் என்று ஒரு அம்மா கேட்டார். "அது பிறகு பார்ப்போம்" என்றார்கள். ஆனால் படத்தில் தரிப்பிடம் ஏற்கெனவே போட்டிருந்தது, அந்த அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

இந்த முறை கூட்டத்துக்குக் கூப்பிடும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா? இப்போதே என்ன செய்யலாம்? துறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தார்_மணம்:

வணக்கம். நான் வீதி வேலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி கேட்டது சரியான கேள்வி, கேட்ட நேரமும் சரியான நேரம்.

ஒரு திட்டம் இப்படித்தான் நகரும். முதலில் "பிரச்சினை என்ன" என்று எழுதுவார்கள். அப்புறம் எண்ணிக்கை, அளவை. அதை வைத்து இரண்டு மூன்று மாற்று யோசனைகள். ஒன்றைத் தெரிவு செய்து விரிவான வரைபடம், செலவுக் கணக்கு, கேள்விப்பத்திரம், வேலை. பொதுமக்களை வழமையாகக் கூப்பிடுவது வரைபடம் வந்த பிறகு. அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதில் மாற்றக்கூடியது மரம் எங்கே வைப்பது, கான் மூடி எப்படி இருக்க வேண்டும் என்ற அளவில்தான் இருக்கும். வீதியின் அகலத்தையும் சந்தியின் அமைப்பையும் தீர்மானித்தது அந்த முதல் வசனம். "வாகனங்கள் மெதுவாகப் போகின்றன" என்று எழுதினால் விடை வீதியை அகலிப்பது. "மக்கள் வேலைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கிறது, குறுக்கே கடக்கும் ஆட்கள் அடிபடுகிறார்கள்" என்று எழுதினால் விடை வேறு. ஆகவே நாங்கள் பேச வேண்டிய இடம் அந்த வசனம். கதிரை போட்டு எண்ணும் இந்தக் கட்டம் அதற்கு மிகக் கிட்டியது.

இன்னொன்று. காலி வீதி ஏ2, அதாவது தேசிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கைகள் மாநகர சபையுடையவை. தனியார் பஸ்ஸின் வழி அனுமதி மாகாணத்திடம். போக்குவரத்தை நடைமுறைப்படுத்துவது பொலிஸ். நிலத்துக்குக் கீழே நீர் வழங்கல் சபை, மேலே மின்சாரத்துக்குப் பொறுப்பானவர்கள். மக்கள் ஒரு வீதியைப் பார்க்கிறார்கள், அலுவலகங்கள் தங்கள் தங்கள் துண்டைப் பார்க்கின்றன. ஒரு அலுவலகத்துக்கு மட்டும் கடிதம் எழுதினால் "எங்கள் விடயம் அல்ல" என்று திரும்பி வரும். எல்லோருக்கும் பிரதி போட்டு ஒரே கடிதமாக எழுதுங்கள்.

சந்தைமுனை_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் காலி வீதியில் துணிக்கடை வைத்திருப்பவன், வாப்பா காலத்திலிருந்து. வீதித் திருத்தம் என்றாலே எங்கள் தரப்புக்கு நெஞ்சு படபடக்கும். வேலை நடக்கும் மாதங்களில் கடை வாசலில் குழி, பலகைப் பாலம், தூசி. பெருநாள், தீபாவளி, நத்தார் மூன்றில் ஒன்று அதற்குள் அகப்பட்டால் அந்த வருட இலாபம் போய்விடும். நட்டஈடு காணி இழந்தவனுக்குத்தான். வியாபாரம் படுத்தவனுக்கு யாரும் ஒன்றும் தருவதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்த பிறகும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேல் புதுத் தார். எங்கள் கடைக்கு முன்பு வீதியிலிருந்து இரண்டு படி ஏறி வருவார்கள். இப்போது வாசல் வீதியோடு மட்டம். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பழைய வீடுகளுக்குள் படி இறங்கித்தான் போக வேண்டும். மழை பெய்தால் வீதித் தண்ணீர் எங்கே போகும்? வரைபடத்தில் வீதியை மேலிருந்துதான் காட்டுகிறார்கள். பக்கவாட்டில் வெட்டிக் காட்டினால் இது முதல் பார்வையிலேயே தெரியும்.

வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடை முன்னால் கார் நிறுத்த முடியாவிட்டால் சனம் பெரிய மோலுக்குப் போய்விடும்.

நூறாம்_நம்பர்:

நானா, கோபிக்க வேண்டாம். நான் மொறட்டுவையிலிருந்து கோட்டைக்குத் தினமும் 100 அல்லது 101 பஸ்ஸில் போகிறவன். வெள்ளவத்தையில் இறங்குவதில்லை. ஆனால் என் காலையில் பெரும்பகுதி வெள்ளவத்தையில்தான் கழிகிறது. இடது ஓரத்தில் ஒரு கார் நின்றால் போதும். பஸ் வெளியே வளைய வேண்டும், பின்னால் வரும் ஓட்டோ ஹோர்ன் அடிக்கும், தரிப்பிடத்தில் நிற்கும் ஆட்கள் வீதிக்கு நடுவில் வந்து ஏறுவார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் அப்படி ஓடி ஏறுவதைப் போன மாதம் பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் கடைக்காரரும் தொடர்மாடிக்காரரும் வருவார்கள். அந்த நேரத்தில் நாங்கள் அதே வீதியில் பஸ்ஸுக்குள் நிற்போம். வீதி அதன் ஓரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமா சொந்தம்? எங்கள் பேச்சையும் யாராவது எடுக்க வேண்டும்.

தார்_மணம்:

தம்பி சொன்னது மிக முக்கியம். நாங்கள் எண்ணும் முறையிலேயே இந்தக் குறை இருக்கிறது.

அந்தப் பொடியன்களின் தாளில் கார், வான், பஸ், லொறி, முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் என்று தனித்தனிக் கட்டம் இருந்திருக்கும். பிறகு அலுவலகத்தில் எல்லாவற்றையும் "கார் அலகு" ஆக மாற்றுவார்கள். கார் ஒன்று என்றால் மோட்டார் சைக்கிள் அரை அளவு, பஸ் இரண்டு அல்லது அதற்கு மேல். வீதியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதற்கு அது நல்ல கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் ஐம்பது அறுபது பேரை ஏற்றி வரும் பஸ், இரண்டு கார் அளவுத் தடையாக மட்டும் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஆட்கள் தாளில் இல்லை. நடைபாதையில் போகிறவர்களுக்கும் கட்டம் இல்லை.

ஆட்களை எண்ணினால் படம் தலைகீழாகும். எல்லா வாகனமும் கலந்து ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு 600 முதல் 1600 பேர் வரை போகலாம், அடிக்கடி பஸ் ஓடும் தனித் தடத்தில் 4000 முதல் 8000 பேர் என்று நகர வீதி வடிவமைப்பு வழிகாட்டிகள் கணக்கிடுகின்றன. ஆகவே முதல் கோரிக்கையாக இதை வைக்கலாம்: வாகனத்தோடு சேர்த்து ஆட்களையும் எண்ணுங்கள், நடப்பவர்களையும் கடப்பவர்களையும் எண்ணுங்கள்.

போக்குவரத்துத் திட்டங்களில் "கொரிடோர்", அதாவது நகருக்குள் வரும் பெருவழித் தடம், என்று சொல்வது ஒற்றை வீதியை அல்ல. 2014இல் ஜப்பானின் உதவி நிறுவனமான ஜய்க்காவின் உதவியோடு வந்த கொழும்புப் பெருநகரப் போக்குவரத்துத் திட்டம் இப்படி ஏழு பெருவழித் தடங்களைப் பிரித்தது: நீர்கொழும்பு, கண்டி, லோலெவல், மாலபே, ஹைலெவல், ஹொரணை, காலி. காலித் தடம் என்றால் காலி வீதி, கடலோரமாகப் போகும் மரைன் டிரைவ், கரையோர ரயில் மூன்றும் சேர்ந்ததுதான், நகரத்துக்குள் வந்தால் காலி வீதிக்குப் பக்கத்தில் இணையாகப் போகும் டூப்ளிகேஷன் வீதியும். மரைன் டிரைவில் ஒரு திருப்பத்தை அடைத்தால் அது காலி வீதியில் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து காலி வீதிக்கு நடந்து வரும் ஒழுங்கையில் நடைபாதை இருந்தால் எத்தனையோ பேர் பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறுவார்கள். ஒழுங்கை முனையில் மட்டும் எண்ணினால் இது எதுவும் தாளில் வராது.

சந்தைமுனை_நானா:

ஐயா சொல்வது விளங்குகிறது. பஸ் தடம் வந்தால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் சாமான் லொறி எங்கே நிற்கும்? சேலைப் பொதி ஒன்றை இரண்டு பேர் தோளில் தூக்கி வர வேண்டும். 2020 செப்டெம்பரில் பொலிஸ் தடச் சட்டத்தை இறுக்கியபோது பஸ்ஸும் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் இடது ஓரம் என்றார்கள். இடது ஓரத்தில்தானே எங்கள் லொறியும். அதைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை ஏழுக்கு முன் இறக்கு என்று சொல்லுங்கள், இறக்குவோம். இத்தனை மணிக்கு இந்த இடம் என்று ஒரு ஒழுங்கு இருந்தால் போதும்.

நூறாம்_நம்பர்:

காலை ஏழுக்கு முன் என்றால் எனக்கும் சம்மதம், நானா. மாலையில்?

சந்தைமுனை_நானா:

மாலையில் வாடிக்கையாளர் வரும் நேரம், லொறி தேவையில்லை. கார் நிறுத்துவதைப் பற்றி மற்றக் கடைக்காரர்களோடு கதைத்துத்தான் சொல்ல வேண்டும். அதில் நான் தனியாக வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அம்மாவோடு_நடக்கிறேன்:

இவ்வளவு நேரமும் வீதியின் நீளப்பாட்டில் போவதைப் பற்றியே கதைத்தீர்கள். எங்களுக்குக் குறுக்கே கடப்பதுதான் பெரிய வேலை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கோயிலும் மருந்துக்கடையும் மறுபக்கம். பச்சை மனிதன் எரிந்ததும் இறங்குவோம், நடு மேட்டுக்கு வரும்போது மினுக்கத் தொடங்கும், அம்மா பதறுவார், பதறினால் கால் வராது. மஞ்சள் கோட்டுக் கடவையில் ஒரு கார் நின்றாலும் அதன் மறைவிலிருந்து மோட்டார் சைக்கிள் வரும். இதற்குத் தீர்வு என்று மேம்பாலப் படி கட்டினால் அம்மா அதில் ஏறவே மாட்டார். ஏறக்கூடிய இளையவர்களும் கீழேதான் ஓடுகிறார்கள்.

தார்_மணம்:

மகள், இதைக் கணக்காகவே சொல்கிறேன், கடிதத்தில் போடுங்கள். சமிக்ஞை நேரம் வைக்கும்போது வழமையாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று எடுப்பார்கள். வீதி 18 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் 15 விநாடி. முழங்கால் வருத்தமுள்ள ஒருவர் 0.8 மீற்றர்தான் நடப்பார் என்றால் அவருக்கு 22 விநாடிக்கு மேல் வேண்டும். வித்தியாசம் ஏழு விநாடி. அம்மா நடுவழியில் நிற்பதற்குக் காரணம் அந்த ஏழு விநாடி. கைத்தொலைபேசியில் நேரம் பிடித்து, எந்தக் கடவை, எத்தனை மணி, பச்சை எத்தனை விநாடி என்று எழுதுங்கள். "முதியவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் அனுதாபத்தோடு கோப்பில் வைப்பார்கள். விநாடி எழுதினால் யாராவது போய் அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

இந்த நாட்டில் வீதி விபத்தில் வருடத்துக்கு 2000க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். அதில் நடந்து போனவர்கள் பெரும் பங்கு. ஆகவே கடவையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

காணி_உறுதி:

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் சட்டத்தரணி. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் காணிக்கு உங்கள் சட்டத்தரணியையே கேளுங்கள்.

"சுற்றாடல் மதிப்பீடு வரும், அப்போது கருத்துச் சொல்லலாம்" என்று பலர் நம்பி இருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அந்த வழி இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட்டு, கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். ஆனால் 1993இல் வந்த பட்டியலில் நெடுஞ்சாலை என்றால் 10 கிலோமீற்றருக்கு மேல் நீளமாகக் கட்டுவதைத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு சந்தியைத் திருத்துவது, இரண்டு கிலோமீற்றரில் நடுமேடு போடுவது எல்லாம் இதற்குள் வராமலே நடந்துவிடலாம். எங்கள் வாழ்க்கையை அன்றாடம் தொடுவது இந்தச் சின்ன வேலைகள்தான்.

காணி எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். 2ஆம் பிரிவு அறிவித்தல் காணியைப் பரிசோதிப்பதற்கு. அதை அந்தப் பகுதியில் கண்ணில் படும் இடத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்ட வேண்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல்தான் ஆட்சேபம் சொல்லும் இடம். 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்துவிட்டால் "இது பொதுத் தேவைதானா" என்று கேட்கும் கதவு அநேகமாக மூடிவிடும். அதற்குப் பிறகு 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக் கணக்குத்தான். அவசரம் என்று 38ஆம் பிரிவின் கீழ் முன்கூட்டியே உடைமை எடுப்பதும் உண்டு. கதவில் ஒட்டியிருப்பது எத்தனையாம் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழக்கை நினைவில் வைத்திருங்கள். அனுமதி கிடைத்த பாதையிலிருந்து சில இடங்களில் பாதை விலகியது. அங்கே வீடு இருந்தவர்கள் தங்களைக் கேட்கவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2004இல் உயர் நீதிமன்றம், அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பாதை நிற்கவில்லை, அவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. கேட்க வேண்டியது கடமை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டும், காலம் கடந்ததால் மாற்ற முடியாமல் போனது.

சின்ன வேலைகளுக்குப் பயன்படும் கருவி ஒன்று இருக்கிறது, யாரும் அதிகம் எடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு. வெளிநாட்டு நிதி என்றால் 1 இலட்சம் டொலருக்கு மேல், உள்நாட்டு நிதி என்றால் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் போகும் திட்டத்தைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னர், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இருக்கும் தகவலைத் தெரியப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை. 5 இலட்சத்துக்குள் முடியும் வீதி வேலை எது? ஆகவே காலி வீதியில் நடக்கப்போகும் எந்த உருப்படியான வேலையும் இதற்குள் வரும். அந்த ஒழுங்கை முனை எண்ணிக்கை எதற்கு, யாருக்காக, ஆய்வின் குறிக்கோள் என்ன என்று இப்போதே தகவல் கோரிக்கை போடலாம். தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

மாலபே_பக்கம்:

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில், 15.7 கிலோமீற்றர், 16 நிலையம். 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம். 2020 செப்டெம்பரில் நிறுத்தினார்கள். மாலபேத் தடத்தில் ரயில் பாதை இல்லை. நிறுத்தியதற்குச் செலவைக் காரணம் சொன்னார்கள். அது சரியா பிழையா என்று தனியாக வாதாடலாம். எனக்கு வலித்தது வேறு. தொடங்கும்போது மக்களோடு கதைத்தார்கள். நிறுத்தும்போது ஒருவரையும் கேட்கவில்லை. பத்தரமுல்லையில் பஸ்ஸுக்கு நிற்கும் எங்களுக்கு அதற்குப் பதிலாக என்ன என்று இன்று வரை யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு திட்டத்தைக் கைவிடுவதும் திட்டமிடல்தான். அங்கேயும் மக்களுக்குச் சொல் இருக்க வேண்டும்.

கடற்கரை_ஒழுங்கை (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுவதும் இதைத்தான் யோசித்தேன். மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவதை நாங்கள் பல முறை செய்திருக்கிறோம். "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரண்டைத் தவிர அதில் வேறு ஒன்றும் இருக்காது. இந்த முறை எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதிவு தயாரிப்போம். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்திலிருந்து தெகிவளைக் கால்வாய் வரை காலி வீதி, அதோடு மரைன் டிரைவும் இடையில் உள்ள ஒழுங்கைகளும். ஒரு வரிக்கு ஒரு விடயம்: எந்த இடம், என்ன நேரம், என்ன நடக்கிறது, யாருக்கு. கடவைப் பச்சை விநாடி, லொறி இறக்கும் நேரம், தண்ணீர் நிற்கும் இடமும் அதன் ஆழமும், பஸ் தரிப்பிடத்தில் மாலையில் நிற்கும் ஆட்கள். தீர்வை அதில் எழுத வேண்டாம். தீர்வு எழுதினால் நானாவும் நூறாம் நம்பர் தம்பியும் முதல் பக்கத்திலேயே பிரிந்துவிடுவார்கள். நடப்பதை எழுதினால் இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்து வைக்கலாம்.

தகவல் கோரிக்கையை நான் எழுதுகிறேன். காணி_உறுதி அண்ணை ஒரு முறை பார்த்துத் தருவீர்களா? திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் பிரதி போடுவோம். அதில் மூன்றாவது கேள்வியாக, கூட்டம் வைத்தால் வரைபடத்தின் தமிழ்ப் பிரதி கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னர் கிடைக்கும் என்றும் கேட்கிறேன்.

காணி_உறுதி:

அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம். நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடும்.

நூறாம்_நம்பர்:

நான் காலை பஸ்ஸில் எழுதுகிறேன். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பஸ் வந்த நேரம், புறப்பட்ட நேரம், ஓரத்தில் வாகனம் நின்றதா இல்லையா. என்னோடு தினமும் வருகிற சிங்கள நண்பர்கள் இரண்டு பேருக்கும் இதைச் சொன்னேன், அவர்களும் எழுதுகிறார்கள். தாளைச் சிங்களத்திலும் போட முடியுமா? மொறட்டுவை, பாணந்துறைச் சனத்திடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்தால் போதாது.

அம்மாவோடு_நடக்கிறேன்:

சிங்களத்தில் நான் எழுதித் தருகிறேன். கடவை விநாடியும் என் பொறுப்பு. சந்தைக்குப் பக்கத்துக் கடவையை இன்றைக்கே பார்க்கிறேன்.

சந்தைமுனை_நானா:

எங்கள் வரிசைக் கடைக்காரர்களிடம் லொறி நேரம் கேட்டு ஞாயிறுக்குள் தருகிறேன். கார் நிறுத்துவதைப் பற்றியும் கதைத்தேன். இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் அப்படியே எழுதுங்கள்.